இரண்டாவது கேள்விக்கு மாதிரிப் பதில் கிடையாது

மெட்ரிகுலேஷன், எஸ்டிபிஎம் முடிவுகள் வெளிவந்து சில வாரங்கள் ஆனதும், என் கைப்பேசிக்கு ஒரே வேண்டுகோள் வெவ்வேறு எண்களிலிருந்து வரத் தொடங்கிவிடும். "அக்கா, ஃபார்மசி இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. என்ன கேப்பாங்க? ஆன்சர் இருந்தா அனுப்புங்க, மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

நான் பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மருந்தியல் இரண்டாம் ஆண்டு மாணவி. செபராங் ஜெயாவில் வளர்ந்தவள். ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி, ஐந்து ஆண்டுகள் தேசிய இடைநிலைப்பள்ளி, பிறகு மெட்ரிகுலேஷன் என்று வந்தவள். அதே வழியில் வரும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது இயல்புதான். உதவி செய்ய எனக்கும் விருப்பம் உண்டு. ஆனால், அவர்கள் கேட்கும் அந்த 'ஆன்சர்' தாளை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. அது உதவாது என்பதோடு, நல்ல மாணவரையும் சுமாரானவராகக் காட்டிவிடும் என்பது என் கருத்து. ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதையும், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதையும் இங்கே சொல்கிறேன்.

புள்ளிக்கு அப்பால்

பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு யுபியு வழி விண்ணப்பிக்கிறோம். கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடு என்று மெரிட் புள்ளி கணக்கிடப்படுகிறது. பல துறைகளுக்கு அந்தப் புள்ளியே போதும். மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் போன்ற துறைகளில் பல்கலைக்கழகங்கள் நேர்முகத் தேர்வும் வைக்கின்றன.

நம் சமுதாயத்தின் உழைப்பு முழுவதும் அந்த 90 விழுக்காட்டுக்கே போகிறது. படிவம் 4 தொடங்கி டியூஷன், விடுமுறை வகுப்பு, மாதிரித் தேர்வு என்று பெற்றோர் செலவழிக்கிறார்கள். பிறை தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் அப்பா, ஓவர்டைம் செய்து இரசாயனப் பாடத்துக்கு டியூஷன் கட்டணம் கட்டுகிறார். அந்த உழைப்பு வீண் அல்ல. அது இல்லாமல் நேர்முகத் தேர்வு அழைப்பே வராது. ஆனால், அழைப்பு வந்த பிறகு நம்மிடம் மிஞ்சுவது ஒரு வாரமோ பத்து நாளோதான். அந்தப் பத்து நாளில்தான் 'மாதிரிப் பதில்கள்' கைமாறுகின்றன. கட்டணம் வாங்கிக்கொண்டு அவற்றை விற்பவர்களும் இருக்கிறார்கள்.

கடந்த ஆண்டு எங்கள் வீட்டு முன்வாசலில் நாற்காலிகளைப் போட்டு, அழைப்பு வந்திருந்த ஆறு பேருக்கு மாதிரி நேர்முகத் தேர்வு நடத்தினேன். "ஏன் மருந்தியல் படிக்க விரும்புகிறீர்கள்?" என்பது முதல் கேள்வி. நான்கு பேர் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தில் தொடங்கினார்கள்: சிறு வயது முதலே மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் ஆசை. யாரும் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. நால்வரிடமும் இருந்தது ஒரே தாள்.

நான் அடுத்துக் கேட்டேன்: "சேவைதான் ஆசை என்றால் தாதியாகலாம், ஆசிரியராகலாம், தீயணைப்பு வீரராகலாம். மருந்தாளர் மட்டும் ஏன்?" நால்வரும் அமைதியானார்கள். நால்வரும் கெட்டிக்காரப் பிள்ளைகள். எண்ணெயில் கரையும் மருந்துக்கும் நீரில் கரையும் மருந்துக்கும் உள்ள வேறுபாட்டை இரசாயனச் சமன்பாட்டோடு விளக்கக்கூடியவர்கள். ஆனால், தாளில் இருந்தது முதல் கேள்விக்கான பதில் மட்டுமே.

நேர்முகத் தேர்வு என்பதே இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி கதவைத் திறக்கிறது. நீங்கள் சொன்ன பதிலிலிருந்து இரண்டாவது பிறக்கிறது. அது உங்களுக்கு மட்டுமே உரிய கேள்வி என்பதால் அதற்கு முன்கூட்டியே யாராலும் பதில் எழுதித் தர முடியாது. உங்களுடைய சொந்த அனுபவத்திலிருந்து முதல் பதிலைச் சொன்னால், இரண்டாவது கேள்வியும் உங்களுக்குத் தெரிந்த இடத்துக்குள்ளேயே வரும். இரவல் பதிலைச் சொன்னால், அது உங்களுக்குத் தெரியாத இடத்துக்கு உங்களை இழுத்துப் போய்விடும்.

உலகெங்கும் மருத்துவத் துறைகளின் சேர்க்கை முறையும் இதே திசையில்தான் நகர்ந்திருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பல சிறு நேர்முகத் தேர்வுகள் கொண்ட முறையொன்றை உருவாக்கியது. ஒரே குழுவின் முன் நீண்ட நேரம் உட்காருவதற்குப் பதிலாக, மாணவர் பல அறைகளுக்குச் செல்கிறார். ஒவ்வோர் அறைக்கு வெளியிலும் ஒரு சூழல் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். ஓரிரு நிமிடம் படித்துவிட்டு உள்ளே போய்ப் பேச வேண்டும். இன்று பல நாடுகளில் மருத்துவம், மருந்தியல் கல்லூரிகள் இம்முறையைப் பின்பற்றுகின்றன. அந்த அறையில் மனப்பாடத்துக்கு இடமே இல்லை.

பாட்டியின் இரண்டு அட்டைகள்

அப்படியானால் சொந்த அனுபவத்துக்கு எங்கே போவது? "என் அப்பா டாக்டர் இல்லை, எங்கள் குடும்பத்தில் மருந்தாளர் யாருமில்லை, எனக்கு என்ன அனுபவம் இருக்கும்?" என்று ஒரு தங்கை கேட்டாள். அவளிடம் நான் திருப்பிக் கேட்டது: "உன் வீட்டில் மருந்து சாப்பிடுபவர் யாரும் இல்லையா?"

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. 30 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. நீரிழிவு விகிதம் இந்தியர்களிடையே மற்ற இனத்தவரைவிட அதிகம். அதாவது, இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பலருடைய வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் மேலேயோ, சாமி அலமாரிக்குப் பக்கத்திலேயோ ஒரு மருந்துப் பை இருக்கிறது.

என் பாட்டிக்கும் அப்படி ஒரு பை உண்டு. உள்ளே சின்னச் சின்னப் பிளாஸ்டிக் உறைகள். மேலே மலாயில் 'துவா காலி செஹாரி, செலெபாஸ் மாக்கான்' என்று அச்சிட்டிருக்கும். பாட்டிக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. அதனால் அவர் மருந்தை நிறத்தால் அடையாளம் வைத்திருந்தார். மஞ்சள் காலைக்கு, வெள்ளை இராத்திரிக்கு. நான் இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு முறை கிளினிக்கில் கொடுத்த இரத்த அழுத்த மாத்திரையின் நிறம் மாறிவிட்டது. மருந்து அதேதான், தயாரித்த நிறுவனம் மட்டும் வேறு. பாட்டி அதைப் புது மருந்து என்று நினைத்து, வீட்டில் மிச்சமிருந்த பழையதையும் சேர்த்துச் சாப்பிட்டார். எழுந்து நின்றாலே தலைசுற்றியது.

அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் குடியிருப்புக்கு அருகிலிருந்த மருந்தகத்தின் மருந்தாளர். தலைசுற்றலுக்கு மருந்து வாங்க அம்மா போனார். அவர் மருந்து கொடுக்கவில்லை. "என்னென்ன மருந்து சாப்பிடுறாங்க, எல்லாத்தையும் கொண்டு வாங்க" என்றார். கொண்டுபோய்க் கொடுத்ததும் இரண்டு அட்டைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பெரிய எழுத்தில் இருந்த வணிகப் பெயர்கள் வேறு வேறு. கீழே சிறிய எழுத்தில் இருந்த மருந்தின் பொதுப் பெயர் ஒன்று. பிறகு பாட்டியிடம் தமிழிலேயே சொன்னார்: "பாட்டி, இது பழைய மருந்துதான். கம்பெனிதான் மாறியிருக்கு. ரெண்டுல ஒண்ணுதான் சாப்பிடணும்."

என் நேர்முகத் தேர்வில் "ஏன் மருந்தியல்?" என்று கேட்டபோது நான் இதைத்தான் சொன்னேன். சேவை என்ற சொல்லைப் பயன்படுத்தவே இல்லை. உடனே அடுத்த கேள்வி வந்தது: "இப்படி நடக்காமலிருக்க மருந்தகம் என்ன செய்யலாம்?" அதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஏனென்றால் அந்தக் கேள்வியை நான் பாட்டிக்காகப் பல முறை யோசித்திருந்தேன். மருந்து கொடுக்கும்போது நிறம் மாறியிருந்தால் வாய்விட்டுச் சொல்லலாம். பழைய மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லலாம். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியன், நிலா படம் போட்ட உறை கொடுக்கலாம். பதில் மேலானதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது என்னுடையது. அதற்குப் பிறகு வந்த கேள்விகளுக்கும் என்னால் தொடர்ந்து பேச முடிந்தது.

இந்தக் கதையை எடுத்து உங்கள் பதிலாகச் சொல்லிவிடாதீர்கள்! உங்கள் வீட்டுப் பையில் உங்களுக்கான கதை இருக்கிறது.

பையைத் திறந்து என்ன பார்ப்பது?

முதலில் மருந்தின் பெட்டியைப் பாருங்கள். மலேசியாவில் பதிவுபெற்ற ஒவ்வொரு மருந்துக்கும் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் ஒரு பதிவு எண் உண்டு. அந்த எண்ணின் இறுதியில் ஓர் எழுத்து இருக்கும். 'ஏ' என்றால் கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்து. 'எக்ஸ்' என்றால் மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடியது. 'டி' என்றால் பாரம்பரிய மருந்து. 'என்' என்றால் சத்து மாத்திரை வகை. இந்த எண்ணைத் தருவது என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம். கடையில் வாங்கிய மருந்தில் ஹோலோகிராம் வில்லை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இது வெறும் அலுவலக நடைமுறை அல்ல. 2022-இல் நம் அண்டை நாடான இந்தோனேசியாவில், நச்சு இரசாயனம் கலந்த மருந்துப் பாகு குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து 200-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். ஒரு மருந்துக்குப் பதிவும் சோதனையும் ஏன் வேண்டும் என்று உங்களிடம் யாராவது கேட்டால், சட்டத்தின் பெயரைவிட இந்தச் செய்தி அதிகம் பேசும். சந்தைக் கடையில் எம்ஏஎல் எண் இல்லாத மூட்டுவலி மருந்தை வாங்கி வரும் மாமாவுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதையும் அப்படியே யோசித்துப் பாருங்கள்.

அடுத்து, ஒரு சிறு கணக்கு. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். பாரசிட்டமோல் ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்று கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம். வீட்டிலுள்ள பாகில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் என்றிருந்தால் 7.5 மில்லிலிட்டர் கொடுக்க வேண்டும். ஆனால் 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் உள்ள பாகும் சந்தையில் உண்டு. அதில் 3.6 மில்லிலிட்டரே போதும். அம்மா போத்தலை மாற்றி வாங்கி, பழக்கப்படி 7.5 மில்லிலிட்டர் கொடுத்தால் குழந்தைக்குப் போவது 375 மில்லிகிராம், இரண்டு மடங்குக்கும் மேல். கணக்கு படிவம் 1 தரம்தான். ஆனால் 'எந்தப் போத்தல்?' என்று கேட்கத் தோன்றுகிறதா என்பதே மருந்தாளருக்கான சோதனை.

பெரியவர்களுக்கும் இப்படித்தான். 500 மில்லிகிராம் பாரசிட்டமோல் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆனால் சளிக் காய்ச்சலுக்கென்று விற்கும் பல மாத்திரைகளிலும் பாரசிட்டமோல் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும் அப்பாவுக்கு, தான் ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிடுவது தெரியாது. மருந்தகத்துக்குள்ளேயும் பெயர்க் குழப்பம் உண்டு. நீரிழிவுக்கான மெட்ஃபோர்மினும் நோய்க்கிருமிக்கான மெட்ரோனிடசோலும் பார்வைக்கும் காதுக்கும் நெருக்கமானவை. அதனால்தான் பெயரின் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் வழக்கம் உலகம் முழுவதும் வந்தது. சுகாதார அமைச்சின் 'கெனாலி உபாட் அண்டா' இயக்கம் 2007 முதல் நடந்து வருகிறது. அதன் கையேடுகளைப் படித்தாலே இப்படிப் பல செய்திகள் கிடைக்கும்.

"ஏன் டாக்டர் இல்லை?"

இந்தக் கேள்விக்கு நம் பிள்ளைகள் அதிகம் பயப்படுகிறார்கள். காரணம் நமக்குத் தெரியும். பல வீடுகளில் மருந்தியல் என்பது மருத்துவத்துக்கு அடுத்த தேர்வு. உறவினர் வீட்டுக்குப் போனால் இன்றும், "டாக்டருக்குக் கிடைக்கலையா?" என்றுதான் கேட்கிறார்கள்.

உங்களுக்கு முதலில் மருத்துவ ஆசை இருந்திருந்தால் அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மருந்தாளரின் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருக்குறளில் மருந்துக்கென்றே 95-ஆவது அதிகாரம் இருக்கிறது. அதன் கடைசிக் குறள் நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து மருந்தைக் கொடுப்பவர் என்று மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது. மருத்துவரையும் மருந்தையும் சொல்லிவிட்டு அதோடு நிறுத்தவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. மருத்துவர் சரியாக எழுதினாலும், அது சரியான ஆளுக்கு, சரியான அளவில், புரியும் விதத்தில் போய்ச் சேராவிட்டால் பயனில்லை. (இதையும் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டாம்!)

நம் நாட்டுக்கே உரிய ஒரு விவாதமும் இருக்கிறது. 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின்படி, மருத்துவர் தம் நோயாளிக்குத் தாமே மருந்து கொடுக்கலாம். அதனால் தனியார் கிளினிக்குகளில் பரிசோதனையும் மருந்தும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. பல நாடுகளில் மருத்துவர் சீட்டு எழுதுவார், மருந்தை மருந்தகத்தில்தான் வாங்க வேண்டும். நம் நாட்டிலும் அப்படிப் பிரிக்க வேண்டும் என்று மருந்தாளர்கள் நீண்ட காலமாகக் கேட்டு வருகிறார்கள். இரண்டாவது ஆள் சரிபார்த்தால் பிழை குறையும் என்பது அவர்கள் தரப்பு. காய்ச்சலோடு இருக்கும் நோயாளி இரண்டு இடம் அலைய வேண்டும், மருந்தகம் இல்லாத கிராமத்தில் என்ன செய்வது என்பது மறு தரப்பு. இதில் எந்தப் பக்கம் சரி என்று உங்களிடம் யாரும் தீர்ப்பு எதிர்பார்க்கப் போவதில்லை. இரண்டு பக்கமும் தெரிந்துகொண்டு, உங்கள் பக்கத்துக்குக் காரணம் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பார்கள்.

அதே சட்டத்தில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 'பி' பிரிவு மருந்துகளை மருந்தாளர் விற்க மருத்துவரின் சீட்டு வேண்டும். 'சி' பிரிவு மருந்துகளைச் சீட்டு இல்லாமலேயே மருந்தாளர் தம் பொறுப்பில் கொடுத்துப் பதிவேட்டில் எழுதலாம். ஒருவர் வாரத்துக்கு மூன்று முறை வந்து அதே இருமல் மருந்தைக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்பது போன்ற கேள்விகள் இந்தப் பொறுப்பிலிருந்துதான் வருகின்றன. "கொடுக்க மாட்டேன்" என்பது பாதிப் பதில். அவரிடம் என்ன கேட்பீர்கள், எங்கே அனுப்புவீர்கள் என்பது மீதிப் பாதி.

வேலை நிலவரமும் தெரிந்திருக்க வேண்டும். நான்காண்டுப் பட்டம் முடித்து, ஓராண்டுப் பயிற்சிக்குப் பிறகே முழுமையாகப் பதிவுபெற முடியும். 2016 இறுதியிலிருந்து மருத்துவர்களைப் போலவே மருந்தாளர்களும் அரசாங்கச் சேவையில் ஒப்பந்த முறையில் நியமிக்கப்படும் நிலை வந்தது. படித்து முடித்தாலே நிரந்தர அரசாங்க வேலை என்ற பழைய கணக்கோடு வருபவர்கள் பிறகு ஏமாற்றமடைகிறார்கள். அதைத் தெரிந்துகொண்டும் வர விரும்பினால், அந்த விருப்பத்துக்கு வலு அதிகம்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை

"என் ஆங்கிலம் போதாது" என்பதுதான் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் சொல்லும் முதல் கவலை. நேர்முகத் தேர்வில் ஆங்கிலமும் மலாயும் தேவைப்படும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பகட்டான ஆங்கிலம் தேவைப்படாது. ஒரு பயிற்சி சொல்கிறேன். வீட்டிலுள்ள ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது எதற்கு, எப்போது சாப்பிட வேண்டும், மறந்துவிட்டால் என்ன செய்வது என்று பாட்டிக்குத் தமிழில் இரண்டு நிமிடம் விளக்குங்கள். அதையே பக்கத்து வீட்டு மக்சிக்கு மலாயில் சொல்லுங்கள். பிறகு ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.

தமிழில் சொல்லும்போதுதான் உங்களுக்கு உண்மையில் புரிந்திருக்கிறதா என்பது தெரியும். "மெதுவாகக் கரையும் மாத்திரை" என்று பாட்டியிடம் சொன்னால், "அப்போ பொடிச்சுச் சாப்பிடலாமா?" என்று கேட்பார். பொடிக்கக்கூடாது, நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர வேண்டிய மருந்து ஒரேயடியாக உடம்பில் சேர்ந்துவிடும் என்று விளக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் வரும் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. பாட்டிகள் மாதிரிப் பதிலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதில்லை. மும்மொழியில் மருந்தை விளக்கத் தெரிந்தவர் இந்நாட்டு மருந்தகத்தின் முகப்பில் எவ்வளவு தேவைப்படுகிறார் என்பதை ஒரு காலைப்பொழுது அரசாங்க மருத்துவமனையில் உட்கார்ந்து பார்த்தாலே புரியும்.

இது எல்லாருக்கும் முடியுமா?

என் கருத்துக்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. "பேசிப் பழகிய பட்டணத்துப் பிள்ளைகளுக்கு நேர்முகத் தேர்வு எளிது. நம் பிள்ளைகள் கூச்சப்படுபவர்கள். மாதிரிப் பதிலாவது இருந்தால் வாயைத் திறப்பார்கள்" என்று ஓர் ஆசிரியர் என்னிடம் சொன்னார். கூச்சம் உண்மைதான். வாய்விட்டுப் பேசிப் பழகுவது கட்டாயம் வேண்டும். அதற்கு வழிகாட்டும் வகுப்புகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால், கூச்சப்படும் பிள்ளைக்கு இரவல் வாக்கியம் கொடுத்தால், அது மறந்துபோகும் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. தன் வீட்டில் நடந்ததைச் சொல்லும்போது யாரும் வரி மறந்து நிற்பதில்லை.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இருக்கும் உண்மையான அனுகூலம் ஆங்கிலம் மட்டுமல்ல. அவன் சித்தப்பாவின் கிளினிக்கில் விடுமுறையைக் கழித்திருப்பான். வேலையை நேரில் பார்த்திருப்பான். அந்த வாய்ப்பைத்தான் நாம் மற்றப் பிள்ளைகளுக்கும் உருவாக்க வேண்டும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. நம் வட்டாரத்தில் தமிழ் மருந்தாளர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள் உண்டு, சொந்தமாக மருந்தகம் நடத்துபவர்கள் உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை, கூட்டமில்லாத ஒரு மணி நேரம், மூன்று மாணவர்களைப் பக்கத்தில் நிற்கவைத்துத் தங்கள் வேலையைக் காட்ட அவர்கள் முன்வரலாம். இளைஞர் மன்றங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் பாராட்டு விழாவில் மேடை போடும் செலவில் சிறு பகுதியை இதற்கு ஒதுக்கலாம். நாங்கள், இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள், மாதிரித் தேர்வு நடத்த ஞாயிற்றுக்கிழமைகளைத் தரலாம். அதில் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளையும் கேட்க வேண்டும்.

பினாங்குப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் உரிமை இருக்கிறது. இந்நாட்டின் முதல் மருந்தியல் பள்ளி 1972-இல் நம் மாநிலத்தில், மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. அதற்கு முன் மருந்தியல் பட்டம் வேண்டுமென்றால் சிங்கப்பூருக்கோ அதற்கும் அப்பாலோ போக வேண்டியிருந்தது. இன்று மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய தேசியப் பல்கலைக்கழகம், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் இத்துறை உண்டு. பக்கத்துக் கெடாவில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலும் உண்டு. செபராங் ஜெயாவிலிருந்து பாலத்தைக் கடந்தால் மிண்டன் வந்துவிடும். தூரம் குறைந்துவிட்டது, ஆனால் அங்கே என்ன படிக்கிறார்கள், படித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது நம் வீடுகளுக்கு இன்னும் தெரியவில்லை.

படிவம் 4, 5-இல் இருக்கும் தம்பி தங்கைகளே, அழைப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்த முறை தாத்தாவோ பாட்டியோ மருந்து வாங்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். முகப்பில் மருந்தாளர் என்ன கேட்கிறார், என்ன சொல்கிறார், நோயாளி எதைப் புரியாமல் தலையாட்டுகிறார் என்று கவனியுங்கள். வீட்டுக்கு வந்ததும் தேதி போட்டு ஒரு நோட்டில் நான்கு வரி எழுதி வையுங்கள். மருந்தியல் உங்களுக்கு ஏற்றதல்ல என்று தோன்றினால் அதுவும் நல்லதே. நான்கு ஆண்டுகளை வீணாக்காமல் முன்பே தெரிந்துகொண்டீர்கள். ஏற்றது என்று தோன்றினால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு என்னைப் போன்ற அக்காக்களிடம் வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம்.